நோமிலிருந்து உட்கியாக்விக்: 835 கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

அலாஸ்காவின் மேற்குக் கரையில், பெரிங் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஊர் நோம். வட முனையில், ஆர்க்டிக் கடலோரத்தில் இருப்பது உட்கியாக்விக். 2016 வரை அதன் பெயர் பாரோ. விமான நிலையக் குறியீடு இன்னமும் பழைய பெயரை ஒட்டி பி.ஆர்.டபிள்யூ. என்றுதான் இருக்கிறது, பயணச்சீட்டு தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இரண்டு ஊரிலும் போயிங் 737 இறங்கும் அளவுக்கு ஓடுபாதை உண்டு. இரண்டையும் இணைக்கும் சாலையோ ரயிலோ கிடையாது.

விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கருவி எதிலாவது இந்த இரண்டு பெயரையும் போட்டுப் பாருங்கள். தூரம் சுமார் 835 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்றரை மணி என்று பதில் வரும். கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் நோம் விமான நிலையத்துக்குப் போய் உட்கியாக்விக்குக்கு அடுத்த விமானம் எப்போது என்று கேட்டால், அப்படி ஒரு நேரடி விமானமே கிடையாது என்பார்கள். ஆங்கரேஜுக்குப் போய் மாறித்தான் போகவேண்டும். ஆங்கரேஜ் இருப்பது தென்கிழக்கே. போகவேண்டிய இடமோ வடக்கே.

கடைக்கோடி ஊர்களின் விஷயத்தில் இந்த இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் தூரத்தையும் நேரத்தையும் பேசிப் பயனில்லை. 835 என்பது பூமியின் கணக்கு. ஒன்றரை மணி என்பது ஒரு கற்பனை விமானத்தின் கணக்கு. பயணிக்கு ஆகப்போகும் நேரம் இந்த இரண்டையும் சேராத மூன்றாவது கணக்கு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் அந்த 835. நோம் கிட்டத்தட்ட 64.5 பாகை வட அட்சரேகையிலும் 165.4 பாகை மேற்குத் தீர்க்கரேகையிலும் இருக்கிறது. உட்கியாக்விக் 71.3 பாகை வடக்கு, 156.8 பாகை மேற்கு. பூமியை ஓர் உருண்டையாக வைத்துக்கொண்டு, இந்த இரு புள்ளிகளுக்கும் இடையில் உருண்டையின் மேல் ஒரு நூலை இறுக்கி இழுத்தால் அது படியும் கோடுதான் பெருவட்டப் பாதை. அதைவிடக் குறுகிய வழி கிடையாது. கருவிகள் அந்த நூலின் நீளத்தைத்தான் சொல்கின்றன. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால், சுத்தமான உருண்டை என்று எடுத்துக்கொண்டால் 834 என்றும், தட்டையையும் கணக்கில் சேர்த்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடுதலாகவும் வரும். ஒரு கருவிக்கும் இன்னொரு கருவிக்கும் சின்ன வித்தியாசம் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மைலில் சொல்லும்போதுதான் உண்மையான குழப்பம் வருகிறது. தரை மைல் 1.609 கிலோமீட்டர், விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அதனால் இதே தூரம் ஓரிடத்தில் 519 மைல் என்றும் வேறோரிடத்தில் 451 மைல் என்றும் இருக்கும். எந்த மைல் என்று போடாத அட்டவணையை நம்பி எரிபொருள் கணக்குப் போட முடியாது.

வரைபடத்தைப் பார்த்து மனசில் ஒரு தூரம் போட்டுக்கொள்கிறோம் இல்லையா, அந்த ஏமாற்று இன்னும் பெரிது. திரையில் நாம் அன்றாடம் பார்க்கும் மெர்கேட்டர் வகை உலகப் படம், வடக்கே போகப் போக எல்லாவற்றையும் இழுத்துப் பெரிதாக்கும். சென்னை இருக்கும் 13 பாகையில் இந்த இழுப்பு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. நோம் இருக்கும் அட்சரேகையில் 2.3 மடங்கு; உட்கியாக்விக்கில் மூன்று மடங்குக்கும் மேல். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், நிலநடுக்கோட்டில் 111 கிலோமீட்டராக இருக்கும் ஒரு பாகை அகலம் நோமில் 48 ஆகவும் உட்கியாக்விக்கில் 36 ஆகவும் சுருங்கிவிடுகிறது. இரண்டு ஊருக்கும் இடையே தீர்க்கரேகை வித்தியாசம் எட்டரைப் பாகைக்கு மேல் இருந்தும் பயணம் பெரும்பாலும் வடக்கு நோக்கியே அமைவது இதனால்தான். இதே காரணத்தால், நேர்கோட்டில் பறந்தாலும் விமானத்தின் திசை மாறிக்கொண்டே இருக்கும். நோமிலிருந்து கிளம்பும்போது வடக்கிலிருந்து 22 பாகை கிழக்காகத் திரும்பியிருக்கும் மூக்கு, போய்ச் சேரும்போது 30 பாகையை ஒட்டி இருக்கும். விமானி எங்கும் வளைக்கவில்லை. அடியில் இருக்கும் கட்டங்கள்தான் வளைந்திருக்கின்றன.

சில கருவிகள் கூடவே 'சாலை வழித் தூரம்' என்று ஒன்றும் கொடுக்கும். சிரிப்புத்தான் வரும். நோமைச் சுற்றிச் சுமார் 560 கிலோமீட்டர் சாலை இருப்பது நிஜம்தான். அதில் ஒன்று டெல்லர் என்ற சிற்றூரில் போய் முடிகிறது, ஒன்று கவுன்சிலில், மற்றொன்று கௌகராக் ஆற்றுப் பக்கம். எதுவும் வெளியுலகத்தோடு சேராது.

சரி, அடுத்து அந்த ஒன்றரை மணி. கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் சூத்திரம் ரொம்ப எளியது. தூரத்தை மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வகுத்து, மேலே அரைமணி சேர்க்கவேண்டும். 835-ஐ 800-ஆல் வகுத்தால் ஒரு மணி மூன்று நிமிடம். அரைமணி சேர்த்தால் ஒன்று முப்பத்து மூன்று. அந்த அரைமணிதான் இதில் புத்திசாலித்தனமான பகுதி. விமானம் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, மேலேறும்போது மெதுவாகப் போவது, இறங்குவதற்கு முன் ஓடுபாதைக்கு நேராகச் சுற்றி வருவது, இறங்கியபின் நிறுத்துமிடம் வரை வருவது எல்லாம் அதில் அடங்கும். பயணச்சீட்டில் அச்சிடும் நேரமும் இதைத்தான் குறிக்கிறது. சக்கரக் கட்டை எடுத்ததிலிருந்து மறுபடி கட்டை வைக்கும்வரை உள்ள நேரம் அது. வானத்தில் இருந்த நேரம் மட்டும் அல்ல.

இந்தச் சூத்திரம் நடுத்தரத் தூரங்களுக்கு நன்றாகவே பொருந்தும். நோமிலிருந்து ஆங்கரேஜ் 867 கிலோமீட்டர். சூத்திரப்படி ஒரு மணி 35 நிமிடம். ஆங்கரேஜிலிருந்து உட்கியாக்விக் சுமார் 1,166 கிலோமீட்டர். சூத்திரப்படி இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் குறைவு. இந்த இரண்டு வழியிலும் பறக்கும் அலாஸ்கா ஏர்லைன்ஸின் நேரடி விமானங்கள் ஏறக்குறைய இதே நேரத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. அங்கே பறப்பது உண்மையிலேயே 737 என்பதால் கணக்கு ஒத்துப்போகிறது.

சிறு தூரங்களில் சூத்திரம் கேலிக்கூத்தாகிவிடும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு தீவுகள். இடையே 2.7 கிலோமீட்டர்தான். 1967 முதல் லோகன்ஏர் நிறுவனம் எட்டுப் பேர் உட்காரும் ஐலாண்டர் விமானத்தை அங்கே ஓட்டுகிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று இருக்கும். காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 நொடியில் போய்ச் சேர்ந்ததாகப் பதிவு உண்டு. நம் சூத்திரமோ அதற்கும் அரைமணி என்று சொல்லும்.

நடுவில் மறைந்திருக்கும் கேள்வி, எந்த விமானம் என்பது. கடைக்கோடி ஊர்களுக்கு இடையே குறுக்காகப் போகும் வேலையைப் பெரும்பாலும் ஜெட் செய்வதில்லை. அலாஸ்காவின் சிற்றூர்ச் சேவையின் முதுகெலும்பு செஸ்னா கேரவன் போன்ற ஒற்றை எஞ்சின் டர்போபிராப் (விசிறி வைத்த) விமானங்கள். சுமை ஏற்றிக்கொண்டு கேரவன் மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிப் போகும். காற்றே இல்லாத நாளில் 835 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 2 மணி 47 நிமிடம் வேண்டும். இரட்டை எஞ்சின் கிங் ஏர் என்றால் மணிக்கு 500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்ற இறக்கம் சேர்த்து இரண்டு மணி நேரத்தை நெருங்கும். ஒரே தூரம்தான், ஆனால் ஏறும் விமானத்தைப் பொறுத்து நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது.

இதில் காற்றைச் சேர்த்தால் இன்னும் சுவாரசியம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசுகிறது என்று வையுங்கள். பெரிங் கடற்கரையில் இது அதிசயமான காற்று ஒன்றும் இல்லை. மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜெட்டுக்கு ஒரு மணிப் பயணம் ஒரு மணி ஐந்து நிமிடமாகும். கேரவனுக்கோ 2 மணி 47 நிமிடம் 3 மணி 29 நிமிடமாகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுமே, சரியாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. தள்ளும்போது 2 மணி 19 நிமிடத்தில் வந்துவிடலாம். ஆனால் போகவர மொத்தம் 5 மணி 48 நிமிடம் ஆகிறது. காற்றில்லாத நாளில் 5 மணி 34 நிமிடம்தான். எதிர்காற்றில் போராடும் நேரம், பின்காற்றில் போகும் நேரத்தைவிட அதிகம் என்பதால் நஷ்டம் ஒருபோதும் முழுதாக ஈடாவதில்லை. மெதுவான விமானத்துக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும்.

இப்போது மூன்றாவது கணக்குக்கு வருவோம். நோமிலிருந்து ஆங்கரேஜ் 867, அங்கிருந்து உட்கியாக்விக் 1,166. கூட்டினால் 2,033 கிலோமீட்டர். நேர்வழியைப் போல 2.4 மடங்கு. இருக்கையில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் மூன்றரை மணி. ஆங்கரேஜில் இணைப்பு விமானத்துக்குக் காத்திருப்பது தனி. கடைக்கோடி ஊர்களுக்கு நாள் முழுக்க விமானம் ஓடுவதில்லை. முதல் விமானம் இரண்டாவதைத் தவறவிட்டால் ஓர் இரவு ஆங்கரேஜ் விடுதியில்தான்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. நோம், கோட்ஸெபியூ, ஆங்கரேஜ் மூன்றையும் முக்கோணமாக இணைத்து ஜெட் ஓட்டுவது அலாஸ்கா ஏர்லைன்ஸின் பழைய வழக்கம். கோட்ஸெபியூ, நோமுக்கு வடக்கே 294 கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கிறது. நீங்கள் ஏறிய விமானம் கோட்ஸெபியூ வழியாகப் போவதாக இருந்தால், உட்கியாக்விக்கை நோக்கி மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு மேல் வந்துவிடுகிறீர்கள். இன்னும் 540 கிலோமீட்டர்தான் பாக்கி. அங்கே கதவைத் திறந்து ஆளை ஏற்றிக்கொண்டு, விமானம் 880 கிலோமீட்டர் தெற்கே ஆங்கரேஜுக்குத் திரும்பிவிடும். அந்த வழியில் மொத்தத் தூரம் 2,340 கிலோமீட்டர்.

ஏன் இப்படி? விமான நிறுவனத்தின் கருமித்தனம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் எண்களைப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் தெரியும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நோமில் 3,699 பேர், உட்கியாக்விக்கில் 4,927 பேர், கோட்ஸெபியூவில் 3,102 பேர். ஆங்கரேஜில் 2,91,247 பேர். நோமிலிருந்து ஆங்கரேஜுக்குப் போக ஆயிரம் காரணம் இருக்கும். பெரிய மருத்துவமனை அங்கே. அலாஸ்காவின் பூர்வகுடி மக்களுக்கான தலைமை மருத்துவ மையம் அங்கே. கடைகண்ணி, படிப்பு, அமெரிக்காவின் மற்ற மாநிலங்களுக்குப் போகும் விமானங்கள் எல்லாம் அங்கேதான். நோமிலிருந்து உட்கியாக்விக் போக என்ன காரணம்? உறவினர் வீட்டு விசேஷம், ஏதாவது கூட்டம், விளையாட்டுப் போட்டி. இரண்டு ஊரிலும் இன்யூபியாட் என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள், உறவும் போக்குவரத்தும் பழையவை. என்றாலும் தினமும் 737-ஐ நிரப்ப அது போதாது.

இரண்டு ஊரும் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டியே வளர்ந்தவை என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். நோம் 1898-இல் கிடைத்த தங்கத்தால் முளைத்த ஊர். அதன் பார்வை முழுக்கக் கடல் வழியாகத் தெற்கே சியாட்டிலை நோக்கி இருந்தது. உட்கியாக்விக் பழைய திமிங்கில வேட்டைக் குடியிருப்பு. 1968-இல் புரூடோ பேயில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 1972-இல் நார்த் ஸ்லோப் என்ற உள்ளாட்சிப் பகுதி உருவான பிறகு, எண்ணெய் வரிப்பணம் அதை வேறு பக்கம் இழுத்துக்கொண்டது. நோம் வேறு வட்டாரம், வேறு நிர்வாகம், வேறு வணிகம்.

பயணிகளைவிடச் சரக்குதான் இந்த வழித்தடங்களின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்றும் சொல்லலாம். அலாஸ்காவில் 'பைபாஸ் மெயில்' என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிற்றூர்க் கடைகளுக்கான அரிசி, பால், டயப்பர் எல்லாம் பலகையில் அடுக்கிக் கட்டப்பட்டு, தபால் நிலையத்துக்குள் நுழையாமலே, தபால் கட்டணத்தில் நேரே விமானத்தில் ஏறுகின்றன. ஒரு தடவைக்குக் குறைந்தது ஆயிரம் பவுண்டு எடை இருக்கவேண்டும். ஆங்கரேஜ், ஃபேர்பேங்க்ஸ் போன்ற இடங்களில் கிளம்பும் இந்தச் சரக்கு நோம், கோட்ஸெபியூ, உட்கியாக்விக் போன்ற நடு ஊர்களுக்கு வந்து, அங்கிருந்து சிறு விமானங்களில் கிராமங்களுக்குப் பிரிகிறது. சக்கரத்தின் ஆரக்கால்கள் எல்லாம் மையத்தை நோக்கியே இருக்கின்றன. ஒரு கால் நுனியிலிருந்து இன்னொரு கால் நுனிக்குப் போகும் சரக்கு இல்லை. அதனால் விமானமும் இல்லை.

நேர்வழியில் யாரும் பறந்ததே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1926 மே மாதம் துருவப் பயணி அமுண்ட்சென், அவருடைய கூட்டாளிகள் எல்ஸ்வொர்த், நோபிலே உள்பட 16 பேர் 'நார்கே' என்ற வான்கப்பலில் நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளிலிருந்து கிளம்பி வட துருவத்தைக் கடந்தார்கள். அலாஸ்காவில் அவர்கள் கண்ட நிலம், உட்கியாக்விக்குக்குப் பக்கத்தில் உள்ள பாயிண்ட் பாரோ முனையை ஒட்டிய கரை. அவர்கள் இறங்க நினைத்த ஊர் நோம். அதாவது, நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே பயணம், எதிர்த்திசையில். மூடுபனியும் காற்றும் வான்கப்பலின் உடம்பில் படிந்த பனிக்கட்டியும் சேர்ந்து அவர்களை அலைக்கழித்தன. கரையைக் கண்ட பிறகும் ஏறக்குறைய ஒரு நாள் பறந்தார்கள். நோமை எட்ட முடியவில்லை. மே 14 அன்று டெல்லரில் இறக்கிவிட்டார்கள். ஸ்வால்பார்டிலிருந்து துருவத்தைத் தாண்டிக் கரைக்கு வர இரண்டு நாளுக்குள்தான் ஆனது. கடைசித் துண்டுக்கு மட்டும் ஒரு நாள்.

உட்கியாக்விக் விமான நிலையத்தின் பெயரில் இருக்கும் விமானி வைலி போஸ்டுக்கும் இரண்டு பக்கத்தோடும் தொடர்பு உண்டு. 1931-இல் வழிகாட்டி ஹரால்ட் கேட்டியோடு விமானத்தில் உலகைச் சுற்றி வந்தபோது அவர் சைபீரியாவிலிருந்து பறந்து வந்து இறங்கிய இடம் நோமுக்கு அருகே சாலமன் கடற்கரை. மணலில் புதைந்து விசிறி வளைந்துபோக, அதை அடித்து நிமிர்த்திக்கொண்டு மேலே பறந்தார். 1935 ஆகஸ்ட் 15 அன்று, நகைச்சுவைக் கலைஞர் வில் ரோஜர்ஸோடு ஃபேர்பேங்க்ஸிலிருந்து பாரோவுக்குப் போகும்போது மூடுபனியில் வழி தெரியாமல் ஒரு கழிமுகத்தில் இறங்கினார். ஊர் எந்தப் பக்கம் என்று அங்கிருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு மறுபடி கிளம்பியதும் எஞ்சின் நின்றுபோனது. இருவரும் இறந்தார்கள். ஊருக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான் மிச்சம் இருந்தது. கோட்ஸெபியூ நிலையமும் 1930-இல் அந்த ஊரிலேயே விபத்தில் இறந்த ரால்ஃப் வீன் என்ற விமானியின் பெயரைத் தாங்கியதுதான்.

இன்று ஜி.பி.எஸ். இருக்கிறது, வழி கேட்க வேண்டியதில்லை. வானிலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அட்டவணை நேரத்துக்கும் உண்மையில் ஆகும் நேரத்துக்கும் இடையில் உட்கார்ந்திருப்பது அதுதான்.

அமெரிக்க விதிப்படி, வெளியே பார்க்காமல் விமானி அறைக் கருவிகளை நம்பிப் பறக்கும் விமானம் போகுமிடத்துக்கான எரிபொருளோடு நிறுத்திக்கொள்ள முடியாது. போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு மணி முன்னும் பின்னும் மேகத்தின் அடிமட்டம் 2,000 அடிக்கும் பார்வைத் தூரம் மூன்று மைலுக்கும் குறையாது என்று முன்னறிவிப்பு இருந்தால் ஒழிய, ஒரு மாற்று விமான நிலையத்தைக் குறிக்கவேண்டும். அங்கே போகவும் எரிபொருள் வேண்டும். அதற்கு மேல் 45 நிமிடம் பறக்கவும் வேண்டும். பெரிய நகரங்களின் பக்கம் மாற்று நிலையம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். உட்கியாக்விக்குக் கிழக்கே பெரிய ஓடுபாதை உள்ள அடுத்த இடம் டெட்ஹார்ஸ். அது 325 கிலோமீட்டருக்கு அப்பால். அதுவும் அதே ஆர்க்டிக் கரையோரம்தான். கோடையில் கடலிலிருந்து மூடுபனி கரைக்கு ஏறினால், இரண்டும் ஒன்றாக மூடிக்கொள்ள வாய்ப்புண்டு. அப்போது மாற்று நிலையம் ப்ரூக்ஸ் மலைத்தொடருக்குத் தெற்கே போய்விடும்.

சிறு விமானத்துக்கு இதன் விளைவு நேரடியானது. எரிபொருள் ஏற ஏற, ஆளும் பெட்டியும் குறையவேண்டும். 835 கிலோமீட்டருக்கு எதிர்காற்று, மாற்று நிலையம், 45 நிமிட இருப்பு எல்லாவற்றையும் சேர்த்து நிரப்பினால், எத்தனை பேரை ஏற்றலாம் என்ற கேள்வி வந்துவிடும். அதனால் வழியில் கோட்ஸெபியூவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போவதுதான் விவேகம். அதற்கு இன்னொரு முக்கால் மணி. கருவி சொல்லும் 'பறக்கும் நேரம்' இதையெல்லாம் அறியாது.

குளிர் இன்னொரு தினுசில் விளையாடும். விமானத்தின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரத்தைச் சொல்கிறது. கடுங்குளிரில் காற்று அடர்ந்து கீழே அமர்ந்துவிடுவதால், மானி காட்டும் உயரத்தைவிட விமானம் தாழ்வாக இருக்கும். வழக்கமான வெப்பநிலையைவிட ஒவ்வொரு பத்து செல்சியஸ் குறைவுக்கும் சுமார் நான்கு விழுக்காடு என்பது விமானிகளின் கைக்கணக்கு. தரையில் மைனஸ் 35 என்றால், தரைக்கு மேல் ஆயிரம் அடியில் இருப்பதாக மானி காட்டும்போது உண்மையில் எண்ணூறு அடியில்தான் இருக்கிறோம். அதற்காகக் குறைந்தபட்ச உயரங்களைத் திருத்திக்கொண்டு இறங்கவேண்டும். உட்கியாக்விக்கில் நவம்பர் 18 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி 23 வாக்கில்தான் மறுபடி எட்டிப்பார்க்கும். அந்த இரண்டு மாதமும் இறங்குவது இருட்டில், அல்லது நடுப்பகலின் மங்கல் வெளிச்சத்தில்.

இறக்கையில் படியும் பனிக்கட்டிதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. 2025 பிப்ரவரி 6 அன்று உனலக்லீட் என்ற ஊரிலிருந்து நோமுக்கு வந்துகொண்டிருந்த ஒரு கேரவன் விமானம் கடல் பனிப்பரப்பில் விழுந்து, அதிலிருந்த பத்துப் பேரும் இறந்தார்கள். பனிப்படிவுக்கு ஏதுவான வானிலை அன்று. அந்த இரண்டு ஊருக்கும் இடையே தூரம் 235 கிலோமீட்டர்; ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். இந்த மாதிரி நாள்களில் விமானம் ரத்தாகும்போது நோம் மக்கள் பொதுவாகச் சண்டை போடுவதில்லை.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோமும் உட்கியாக்விக்கும் ஒரே நேர மண்டலம், அதனால் கிளம்பும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்தால் பயண நேரம் கிடைத்துவிடும். 1983 வரை அலாஸ்கா நான்கு மண்டலங்களாகப் பிரிந்திருந்தது. பிறகுதான் ஏறக்குறைய முழு மாநிலத்தையும் ஒரே கடிகாரத்துக்குள் அடக்கினார்கள். நோமின் தீர்க்கரேகைப்படி உச்சி வெயில் அடிக்கவேண்டிய நேரத்தில் அங்கே கடிகாரம் மதியம் இரண்டைக் காட்டும், கோடையில் மூன்றை. வசதிக்காகச் சூரியனைத் தள்ளிவைத்த ஏற்பாடு.

மேற்கே திரும்பினால் கடிகாரமும் தூரமும் சேர்ந்தே முறிந்துவிடுகின்றன. நோமிலிருந்து பெரிங் நீரிணையைத் தாண்டி ரஷ்யாவின் ப்ரொவிதெனியா விமான நிலையம் 375 கிலோமீட்டர். உட்கியாக்விக்குப் போகும் தூரத்தில் பாதிகூட இல்லை. பனிப்போர்க் காலத்தில் நாற்பது வருடம் இந்த வழி அடைத்துக் கிடந்தது. 1988 ஜூன் 13 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸின் ஒரு 737, 'நட்புப் பயணம்' என்ற பெயரில் நோமிலிருந்து ப்ரொவிதெனியா போய் வந்தது. நீரிணையின் இரு கரையிலும் பிரிந்து கிடந்த உறவினர்கள் அன்று சந்தித்தார்கள். தொடர்ந்து பல வருடம் சிறு விமானங்கள் அந்த வழியில் போய்வந்தன. ஒரு மணி நேரத்தை ஒட்டிய பயணம். ஆனால் சர்வதேச நாள்கோட்டைத் தாண்டுவதால் இறங்கும்போது அடுத்த நாள் ஆகியிருக்கும். குளிர்காலத்தில் இரண்டு கரைக்கும் 21 மணி நேர வித்தியாசம். 2022 முதல் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடிக்கொண்டுள்ளன. இன்று அட்டவணை விமானத்தில் நோமிலிருந்து ப்ரொவிதெனியா போக விரும்பினால், ஆங்கரேஜ் வழியாகக் கீழே இறங்கி, மூன்றாவது நாடு ஒன்றுக்குப் போய், மாஸ்கோவைத் தொட்டு, ரஷ்யாவின் முழு அகலத்தையும் கிழக்கே கடந்து வரவேண்டும். கருவி அதே 375 கிலோமீட்டரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். கூடவே பறக்கும் நேரம் 58 நிமிடம் என்றும்.

நோமிலிருந்து உட்கியாக்விக்குக்கு நேராகத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கும் வழி உண்டு: விமானத்தை முழுசாக வாடகைக்கு எடுப்பது. நோயாளியை அழைத்துப் போக, ஆய்வுக் குழுவைக் கொண்டு விட, பள்ளிக்கூட அணியை ஏற்றிப் போக அப்படித்தான் செய்கிறார்கள். வாடகை விமானக்காரர் தூரத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். எத்தனை பேர், உடல் எடை எவ்வளவு, பெட்டி எவ்வளவு, அங்கே இரவு தங்கவேண்டுமா, தேதி தள்ளிப்போனால் பரவாயில்லையா என்றுதான் கேட்பார். பணம் பறக்கும் மணிக்கணக்கில். உங்களை இறக்கிவிட்டு விமானம் காலியாக நோமுக்குத் திரும்பும் நேரமும் அந்த மணிக்கணக்கில் சேரும் என்பதால், நீங்கள் போவது 835 கிலோமீட்டர் ஆனாலும் ரசீது வருவது 1,670 கிலோமீட்டருக்கு.